நடக்காத பாதம்

நான் கதை கட்டுகிறவள் இல்லை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருபவள். என் கண்ணையே நான் எளிதில் நம்புவதில்லை. அதனால்தான் இதை எழுத உட்காரும் முன், என்னோடு வேலை பார்க்கும் கோகன்தாவிடம் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தேன். இரண்டாம் தடவை அவர் எரிந்து விழுந்தார்.

"எழுதறதா இருந்தா எழுது. என்னைக் கேக்காத. எனக்கு அந்த வீட்டு ஞாபகமே வேண்டாம்."

அவருக்கு நினைவிருப்பதும் எனக்கு நினைவிருப்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் பெயர் ஜுதிகா. கல்கத்தாவில் பகலில் வேலை, ஆறு மணிக்கு மேல் மாலைக் கல்லூரி. என் வேலை வீடு சுத்தம் செய்வது. கூட்டிப் பெருக்குவது இல்லை. போகாத கறையைப் போக்குவது. சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு, குழாயடியில் பூத்த உப்பு, கண்ணாடியில் ஒட்டுத்தாள் விட்டுப்போன பசை. கூட வருபவர் கோகன் சர்தார். நாற்பத்தைந்து வயது. முன்பு பளிங்குக்கு மெருகு போட்டவர். வயதில் மூத்தவர் என்பதால் கோகன்தா. அண்ணன் முறை என்றால் பெயரோடு 'தா' சேர்த்துத்தான் நாங்கள் அழைப்போம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் முதலாளி ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். "கறை அழியாதும்மா. இடம் மாறும். தரையிலேர்ந்து துணிக்கு. துணியிலேர்ந்து வாளிக்கு. வாளித் தண்ணியில நிறத்தைப் பாக்காத வரைக்கும், போச்சுன்னு சொல்லாத."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அன்றுவரை.

டிசம்பர் பிறந்து குளிர் இறங்கியிருந்தது. கல்யாணக் காலத்தின் கடைசி வாரம். அதை விட்டால் அடுத்த ஒரு மாதம் கல்யாணம் கூடாது. அதனால் வடக்குக் கல்கத்தா முழுக்கப் பந்தல். ஷோபாபஜார் பக்கத்தில் ஒரு சந்துக்குள் சிக்தார் வீடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 11.10.

கதவைத் திறந்தது வீட்டு அம்மாள். பெரியம்மாவை அழைக்கிற முறையில் மாஷிமா என்றோம். வெள்ளைப் புடவை. தலைப்பில் சாவிக்கொத்தை முடிந்து தோளுக்குப் பின்னால் வீசிப் போட்டிருந்தார். அவர் எங்கே போனாலும் அந்தச் சாவிகள் அவருக்கு முன்னே போய்ச் சேரும். அவ்வளவு சத்தம்.

செருப்பை வெளியே விட்டு வெறுங்காலோடு உள்ளே போனோம். கூடம் முழுக்க வெள்ளைப் பளிங்கு. அதில் சிவப்புக் காலடிகள். வாசற்படிக்கு உள்ளே தொடங்கி, எதிர்ச்சுவர் வரைக்கும்.

ஆல்தா. உங்கள் பக்கத்தில் செம்பஞ்சுக் குழம்பு என்பார்களே, அதுதான். எங்கள் ஊரில் புது மருமகள் உள்ளே வரும்போது பாலும் ஆல்தாவும் கலந்த தட்டில் காலை வைத்துவிட்டு நடந்து வருவாள். அவள் வைக்கும் சிவப்புக் காலடிகள் லட்சுமியின் காலடிகள்.

"எங்க மருமக கேயா, வந்தன்னிக்கு வெச்ச காலு இது," என்றார் மாஷிமா. "எட்டு வருஷம் ஆச்சு. அவ போய்ச் சேர்ந்தே மூணு வருஷம். நாளைக்குச் சாயங்காலம் என் புள்ள இன்னொருத்தியக் கூட்டிட்டு வர்றான். செத்தவ காலு மேல வாழ வர்றவ கால் வெக்கக் கூடாதுமா. அதுக்குள்ள ஒரு பொட்டு சிவப்பு இருக்கக் கூடாது."

"எட்டு வருஷக் கறைன்னா கல்லுக்கும் அதுக்கும் கல்யாணமே ஆகியிருக்குமே மாஷிமா," என்றார் கோகன்தா.

"கறை எடுக்க வந்தியா, கவி பாட வந்தியா?"

கோகன்தா தரையைப் பார்த்துக் குனிந்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஐந்து ஜோடிகள்.

ஜோடிகள் என்று சொல்கிறேன். அதுதான் முதலில் உறுத்தியது. நடந்து வருகிறவள் வலது, இடது, வலது என்று மாறி மாறி வைப்பாள். இங்கே இரண்டு கால்களும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு ஜோடி. பிறகு இரண்டு முழம் வெறும் கல். மறுபடி ஒரு ஜோடி.

மாஷிமாவிடம் கேட்டேன். "வெக்கம். நின்னு நின்னு வந்தா," என்றார். சரிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, உள்ளங்கால். என் காலை ஈரத்துணியில் நனைத்து அந்தக் காலடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குதிகால் விழுந்தது, முன்பாதம் விழுந்தது, நடுவில் உள்பக்கமாகப் பிறை போல வெற்றிடம். அந்தக் குழிவு எல்லார் காலடியிலும் இருக்கும். இந்தக் காலடிகளில் இல்லை. குழிவு இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சிவப்பு நிரம்பியிருந்தது. தட்டைப் பாதம் போல என்று நினைத்துக்கொண்டேன். இடது சுண்டுவிரல் மட்டும் பதியவே இல்லை. ஐந்து ஜோடியிலும்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் கோகன்தா. காலடிகளைச் சுற்றிக் கல் மெருகு போய், சுண்ணாம்பு பூத்த மாதிரி மங்கியிருந்தது. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். பளிங்குக்கு எலுமிச்சைச் சாறே ஆகாது, அமிலம் பட்டால் மேல்தோலைத் தின்றுவிடும். ஆனால் காலடிகள் இருந்த இடத்தில் மட்டும் மெருகு அப்படியே மினுங்கியது.

"சுத்தி ஊத்தியிருக்கீங்க. கறை மேல ஊத்தலியா மாஷிமா?"

"கறை மேலதான் ஊத்தினேன்," என்றார்.

கோகன்தா என்னைப் பார்த்தார். பிறகு விரல் கணுவால் கல்லைத் தட்டிக் கேட்டார். எட்டு வருஷக் கல் மாதிரி இல்லையே என்று முனகினார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பளிங்கில் சாயக்கறை ஏறினால் தேய்க்கக் கூடாது. உறிஞ்சி எடுக்க வேண்டும். வெள்ளைப் பொடியைப் பெராக்சைடு திரவத்தில் குழைத்து, சந்தனக் குழம்புப் பதத்தில், கறை மேல் அரை விரல் கனத்துக்குப் பூசுவோம். அதன்மேல் பிளாஸ்டிக் தாள் மூடி நாலு ஓரமும் நாடா ஒட்டுவோம். பசை காயக் காயக் கல்லுக்குள் இருக்கும் சாயம் மேலே ஏறும். திறக்கும்போது பசை சிவந்திருந்தால் வேலை முடிந்தது. 12.25க்கு ஐந்து ஜோடியையும் மூடினோம். நாடாவின் ஓரங்களை நான் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

பசை ஊறும் நேரத்தில், கேயா இருந்த மாடி அறை.

அலமாரிக் கண்ணாடியில் பொட்டுப் பசை. குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைப்போமே, அந்த வட்டங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டுக் கட்டைவிரலால் உருட்டினால் வந்துவிடும். எல்லா வட்டமும் என் மோவாய் உயரத்தில் இருந்தன. என்னைவிடக் குள்ளமானவள். கட்டில் தலைமாட்டுச் சுவரில் கைப்பிடி அளவுக்கு எண்ணெய்க் கறை. இடது ஓரத்தில். அங்கே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். தினமும். வருஷக்கணக்காக. சோப்பு நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தேன்.

அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்வாள், பொட்டின் அளவு என்ன என்றெல்லாம் தெரிந்துவிட்டது. அதையெல்லாம்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

12.50 இருக்கும்.

கீழேயிருந்து ஒரு சத்தம்.

தப்.

ஈரத்துணி தட்டையாக விழுவது போல. நாங்கள் இருவரும் கையை நிறுத்தினோம்.

"சரியா மத்தியானம் பேய் கல்லெறியும்னு சின்ன வயசுல பாடுவோமே," என்றார் கோகன்தா. சிரித்தார். ஆனால் இறங்கிப் போய்ப் பார்த்தார். நானும் போனேன். துணிகள் எல்லாம் வாளி விளிம்பில் தொங்கின. கூடத்தில் யாரும் இல்லை. மாஷிமாவின் சாவிகள் சமையலறைக்குள் ஒலித்துக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் தாள்கள் வைத்தபடியே இருந்தன. வாசலை ஒட்டிய முதல் தாளின் உள்பக்கம் மட்டும் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. மூச்சு விட்டாற்போல.

"பூனை," என்றார் கோகன்தா. "நாளைக்கு விருந்துக்கு மீன் வந்து இறங்கியிருக்குல்ல."

நான் பூனையைத் தேடினேன். இல்லை. என் கண்ணில் படவில்லை என்பதுதான் சரியான வார்த்தை.

3.40க்கு முதல் தாளை உரித்தேன்.

பசை வெள்ளையாக இருந்தது.

பால் மாதிரி வெள்ளை. சிவப்பு ஏறவில்லை. வேலை கெட்டது என்று மரச்சட்டுவத்தால் பசையை வழித்தேன். கீழே கல்லும் வெள்ளை. காலடி இல்லை.

"போச்சா?" என்றார் கோகன்தா. அவர் அந்தப் பக்கம் மங்கிய கல்லுக்கு மெருகுப்பொடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சு. ஆனா பசை வெள்ளையா இருக்கு."

"கறை போச்சுல்ல? அப்புறம் என்ன? வாளிக்குள்ள விழுந்து தேடப் போறியா?"

பெராக்சைடு சாயத்தை வெளுத்திருக்கலாம். அது நடப்பதுதான். ஆனால் ஆல்தா அப்படி முழுக்க வெளுக்காது, ரோஜா நிறமாவது தங்கும். வழித்த பசையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். துடைத்த துணியை வாளியில் பிழிந்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது.

கறை அழியாது. இடம் மாறும். அப்படியென்றால் இது எங்கே போனது?

இரண்டாவது ஜோடியும் அதே மாதிரி. வெள்ளைப் பசை, வெள்ளைக் கல், தெளிந்த தண்ணீர்.

மூன்றாவது தாளை உரித்தபோது என் கை நின்றது.

பசையில் ஒரு காலின் வடிவம். மேலிருந்து யாராவது மிதித்திருந்தால் பசை குழிந்திருக்கும். இது குழியவில்லை. புடைத்திருந்தது. குதிகால் ஒரு மேடு, முன்பாதம் ஒரு மேடு, விரல்கள் துணிக்கு அடியில் வைத்த நாணயங்கள் போல வரிசையாக. இடது சுண்டுவிரல் இல்லை.

அடியிலிருந்து அழுத்திய மாதிரி.

அடியில் கல்தான் இருந்தது.

கோகன்தாவைக் கூப்பிட நினைத்தேன். பிறகு, பசை காயும்போது ஓரம் சுருங்கி நடு எழும்பும், அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வழித்துவிட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் ஒருத்திதான் சாட்சி.

நாலரை மணிக்கெல்லாம் தரை சுத்தம். ஐந்து ஜோடியும் போய்விட்டன. மாஷிமா வந்து குனிந்து உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகம் இளகியது. "நல்லா இரும்மா," என்றார். பிறகு சுவரைக் காட்டினார். "அதையும் துடைச்சிடு. அதோட முடிஞ்சுது."

கடைசி ஜோடி காலடிகள் முடிந்த இடத்துக்கு நேர் மேலே, எதிர்ச்சுவரில், ஒரு நீள்சதுரத் தடம். ஏதோ சட்டம் போட்ட படம் அங்கே தொங்கியிருக்கிறது. எடுத்துவிட்டார்கள். சட்டத்தின் ஓரம் இருந்த இடத்தில் தூசியும் ஒட்டடையும் கரும் கோடாக ஒட்டியிருந்தன. மேலே ஓர் ஆணி.

மாஷிமா மாலை விளக்கேற்ற மொட்டைமாடிக்குப் போனார். சாவிச் சத்தம் படி ஏறி ஏறிச் சின்னதாகி மறைந்தது. கோகன்தா வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் யாரோ வந்து பேசுவது கேட்டது. மாப்பிள்ளை. கேயாவின் கணவர். தலையைத் திருப்பி ஒரு முறை பார்த்தேன். நெட்டியில் செய்த வெள்ளைக் கல்யாணக் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளிப்படியிலேயே நின்றார். அவருடைய வீடு. உள்ளே வரவில்லை.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு துடைக்கத் தொடங்கினேன். 4.55. டிசம்பரில் அந்நேரமே இருட்டிவிடும். தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கு. வெறுங்காலுக்குக் கல் சில்லென்றிருந்தது.

மொட்டைமாடியில் மாஷிமா சங்கு ஊதினார். மாலையில் மூன்று முறை ஊதுவது வழக்கம்.

முதல் சங்கு. நீளமாக.

அது அடங்கியதும், எனக்குப் பின்னால், வாசல் பக்கம்...

தப்.

கோகன்தா வாளியை வைக்கிறார் என்று நினைத்தேன். "கோகன்தா?" என்றேன். அவர் வெளியே, படியில், தாழ்ந்த குரலில் அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருந்தார்.

தப்.

இப்போது சற்று அருகில்.

மனிதர் நடந்தால் இரண்டு ஒலி கேட்கும். ஒரு கால், பிறகு ஒரு கால். இது ஒரே ஒலி. இரண்டு உள்ளங்கால்களும் ஒரே நேரத்தில் கல்லில் ஒட்டினால் வருகிற ஒலி. பிறகு அமைதி. பிறகு...

தப்.

மூன்று.

இரண்டாம் சங்கு ஒலித்தது. அது எப்போது நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

நின்றது.

தப்.

நான்கு.

காலையில் நான் எண்ணிய ஜோடிகள் ஐந்து. ஐந்தாவது ஜோடி இருந்த இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தை நானே துடைத்தேன்.

அங்கேதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பவில்லை. கை தானாகச் சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தது. மேலும் கீழும். மேலும் கீழும். கரும் கோடு போய்விட்டது. துடைக்க ஒன்றும் இல்லை. துடைத்தேன்.

மூன்றாம் சங்கு.

அடங்கியது.

ஒன்றும் கேட்கவில்லை.

என் இரண்டு குதிகால்களிலும் ஈரம் பட்டது.

"ஜுதி."

கோகன்தாவின் குரல். வாசலிலிருந்து.

"திரும்பாத. பக்கவாட்டுல ரெண்டடி எடுத்து வை. கீழ பாக்காத. வா."

இரண்டடி வைத்தேன். பிறகு எத்தனை அடி வைத்தேன் என்று தெரியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். பொடிப் பையையும் பெராக்சைடு புட்டியையும் அங்கேயே விட்டோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து முனை வரை வெறுங்காலோடு வந்தோம்.

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. டிராமில் உட்கார்ந்த பிறகுதான் அவர் பேசினார்.

சுவரில் என்ன படம் இருந்தது என்று அந்த மனிதரிடம் கேட்டிருக்கிறார். எதைக் கொண்டு துடைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. படம் இல்லை, காலடி என்று சொல்லியிருக்கிறார் அவர்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம். கணவன் இருக்கும்போதே மனைவி இறந்தால், எரிக்கக் கொண்டுபோகும் முன் அவள் உள்ளங்காலில் ஆல்தா பூசி, வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்து வைப்பார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். கேயாவின் காலடி மூன்று வருஷம் அந்தச் சுவரில் இருந்திருக்கிறது. புதுப் பெண் வரும் வீட்டில் அது கூடாது என்று மாஷிமா ஓயாமல் சொல்ல, போன வியாழக்கிழமை கேயாவின் கணவரே எடுத்துப்போய்க் கங்கையில் விட்டுவிட்டாராம்.

"தண்ணி பட்டதும் தாளு ஒரு பக்கம் போச்சாம். சிவப்பு மட்டும் தனியா மிதந்து வந்து படித்துறையில நின்னுதாம். அவர் காலடியில," என்றார் கோகன்தா.

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எங்க அம்மாவுக்கு நான்தான் எடுத்தேன் ஜுதி. நடக்கற காலு தரையை மிதிக்கும். நடுவுல குழி விழும். செத்தவங்க காலு அப்படி இல்ல. தாளை நாமதான் கால்ல வெச்சு அழுத்தறோம். குழிக்குள்ளயும் விரலை விட்டு அழுத்தணும், இல்லேன்னா முழுசா விழாது. ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் கூடத்துல இருந்தது நடந்த காலு இல்ல."

"எனக்குப் பின்னால என்ன பார்த்தீங்க?"

ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு ஈரம். உன் குதிகாலை ஒட்டி. சிவப்பு இல்ல. வெறும் தண்ணி."

அன்றிரவு நான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. எட்டு வருஷத்துக்கு முன் வந்த பெண், தட்டைப் பாதம், வெட்கப்பட்டு நின்று நின்று வந்தாள். பசை காய்ந்து எழும்பியது. மீன் வாசனைக்குப் பூனை வந்தது. நான் பிழிந்த தண்ணீர் தரையில் சொட்டியிருக்கும். கோகன்தா அம்மாவை நினைத்துப் பயந்துவிட்டார். எட்டு வருஷத்துக் கறை என்பதுதான் இவற்றுக்கெல்லாம் அஸ்திவாரம். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் காலை, கைபேசி ஒலித்தது. தெரியாத எண். மெல்லிய குரல்.

"தீதி, சிக்தார் வீட்டுக் கூடத்துல கறை எடுத்தது நீங்கதானே? நான் அந்தரா. புது மருமக. நீங்க விட்டுட்டுப் போன பையில இந்த நம்பர் இருந்துது."

தீதி என்றால் அக்கா. நான் ஆமாம் என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க பொடியை எடுத்து நான் உபயோகப்படுத்திட்டேன். நான் வந்த மறுநாளே கூடத்துச் சுவத்துல ரெண்டு சிவப்புத் தடம். ஆணிக்குக் கீழ. பக்கத்துல பக்கத்துல. அத்தை ஈரக்கசிவுன்னு சொல்றாங்க. இவரு எதுவும் சொல்றதில்ல, அதுக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காரு. எனக்குத்தான் மனசு கேக்கல. மூணு நாளா பூசிப் பூசி எடுத்தேன். நேத்து சுத்தமாப் போயிடுச்சு. ஆனா பசை கொஞ்சம்கூடச் சிவக்கல தீதி. வெள்ளையாவே இருந்துது. அது சரிதானா?"

வாளித் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தெளிவா இருந்துது."

ஏதாவது தைரியம் சொல்ல வேண்டும் என்று, தரையில் இருந்ததும் அப்படித்தான் வந்தது, பழைய கறை சில சமயம் அப்படி வரும் என்றேன். எட்டு வருஷத்துக் கறை, முதல் மருமகள் வந்த அன்று வைத்த கால் என்று மாஷிமா சொன்னதையும் சொன்னேன்.

அந்தரா இடைமறித்தாள்.

"எந்தத் தரையில?"

"கூடத்துல. பளிங்குல."

"அந்தப் பளிங்கு எங்கப்பா போட்டுக் குடுத்தது தீதி," என்றாள். "எனக்காக. போன மாசம். அதுக்கு முன்னாடி அங்க சிவப்புச் சிமெண்ட் தரை."

அன்றிரவு எழுதிய தாளை எடுத்து, எட்டு வருஷம் என்ற வரியை அடித்தேன்.

"தீதி? இருக்கீங்களா? இன்னொண்ணு கேக்கணும். சிரிக்காதீங்க." குரல் இன்னும் தாழ்ந்தது. "இப்ப குளிச்சிட்டு ஈரக்காலோட கூடத்துல வந்தேன். திரும்பிப் பார்த்தேன். என் காலடியில குழி விழ மாட்டேங்குது. எனக்கு எப்பவும் விழும். நல்லா விழும். இப்ப முழுசா நிரம்பின மாதிரி இருக்கு. இடது சுண்டுவிரலும் தரையில படல. அழுத்திப் பார்க்கறேன்... படல."

நட, என்றேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு உடனே வெளியே நட, வாசல்வரை நட, நான் வருகிறேன் என்றேன்.

"சரி," என்றாள். "நடக்கறேன்."

அவள் நடப்பது எனக்குக் கேட்டது.

தப்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

தப்.